'தவறான உள்ளீடு': ஆளைத் துரத்தும் கலைக்கு ஓர் அறிமுகம்

ஸ்கூடாயில் கம்ப்யூட்டர் படிக்கும் பிள்ளைக்கு அந்த அழைப்பு ஒரு நாள் வந்தே தீரும். யூடிஎம் வளாகத்துக்கு வெளியே, தாமான் யுனிவர்சிட்டியில் நாலு பேர் சேர்ந்து எடுத்த வாடகை வீட்டில் மெகி கிளறிக்கொண்டிருக்கும்போது கோயில் செயலாளர் போன் பண்ணுவார். "தம்பி, நீ கம்ப்யூட்டர் படிக்கிறியாமே. தைப்பூசத்துக்குப் பால்குடம் பதியணும். ஒரு சின்ன ப்ரோக்ராம் போட்டுக் குடுப்பா. பேரு, ஐசி நம்பரு, போனு, கட்டின காசு. அவ்வளவுதான்."

அவ்வளவுதான். பதிந்ததை வரிசைப்படுத்தி அச்சடிப்பது பத்து வரி வேலை. ஜன்னல், பொத்தான், வண்ணம் எதுவும் அவர் கேட்கவில்லை. கறுப்புத் திரையில் ஒரு கேள்வி, பக்கத்தில் மினுக்கும் ஒரு கோடு. கோட்டுக்கு இந்தப் பக்கம் நீங்கள். அந்தப் பக்கம், பிள்ளையை தாமான் துன் அமினா தமிழ்ப்பள்ளியில் இறக்கிவிட்டு நேரே வந்து பதிவு மேசையில் உட்காரும் ஓர் அக்கா. அந்த அக்கா ஒரே ஒரு பெயரைக்கூடப் பதிந்துவிடாமல் காப்பதுதான் இந்தக் கையேட்டின் நோக்கம். தரவில் தப்பே இருக்கக் கூடாது என்றால் தரவே இருக்கக் கூடாது. இதைவிடப் பத்திரமான வழி இதுவரை கண்டுபிடிக்கப்படவில்லை.

முதலில், பொதுவான ஃபங்ஷன் எதையும் எழுதித் தொலைக்காதீர்கள். நாலு கேள்வி என்றால் நாலு லூப். முதல் லூப்பை எழுதி, காப்பி எடுத்து, கீழே மூன்று முறை ஒட்டி, உள்ளே இருக்கும் வாசகத்தை மாற்றுங்கள். ஒன்றில் மாற்ற மறந்துபோகும், மறக்கட்டும். போன் நம்பர் தப்பானால் திரை "ஐசி எண் சரியில்லை" என்று சொல்லும். அக்கா ஐசியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்ப்பார், கண்ணாடியைத் துடைப்பார், பின்னால் வரிசை நீளும்.

அதிகப்பிரசங்கிகள் சிலர் இதில் வேறு வழி வைத்திருக்கிறார்கள். கேட்கும் வேலை மொத்தத்தையும் ஒரே ஃபங்ஷனிடம் ஒப்படைத்துவிடுவார்கள். என்ன கேட்பது, வந்த எழுத்தை எதுவாக மாற்றுவது, மாற்றியதை ஏற்கலாமா என்று பார்ப்பது யார்: இந்த மூன்றை மட்டும் அதன் கையில் கொடுப்பார்கள். அது கேட்கும், ஓரத்து இடைவெளியை வெட்டும், மாற்றிப் பார்க்கும். முடியவில்லை என்றால் ஏன் என்று சொல்லி மறுபடி கேட்கும், முடிந்தால் மதிப்பைத் திருப்பித் தரும். எண்_கேள், பெயர்_கேள், ஐசி_கேள் எல்லாம் அதன் தோளில் இரண்டிரண்டு வரியில் ஏறி நிற்கும். (2008-இல் பைத்தான் 3 வந்ததிலிருந்து ஃபங்ஷனுக்கு இப்படித் தமிழிலேயே பெயர் வைக்கலாம். யாரும் வைப்பதில்லை. வைத்தால் என்ன கெட்டுப்போகும் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.)

சரிபார்ப்பதைக் கேட்பதிலிருந்து பிரித்து வைப்பது அவர்களுடைய இன்னொரு கெட்ட பழக்கம். ஐசி சரியா என்று பார்க்கும் ஃபங்ஷன் கீபோர்டைத் தொடவே தொடாது. எழுத்து உள்ளே போகும், தீர்ப்பு வெளியே வரும். அதனால் ஐம்பது விதமான ஐசி எண்களைப் பட்டியல் போட்டு அரை நொடியில் சோதித்துவிட்டு மாமாக் கடைக்குப் போய்விடுவார்கள். நீங்கள் அந்த வழிக்குப் போகாதீர்கள். ஒவ்வொரு தடவையும் ப்ரோக்ராமை ஓட்டி, பெயர் அடித்து, போன் அடித்து, ஐசி வரைக்கும் நடந்து வந்து, ஒரு எண்ணைச் சோதித்து, மூடி, மறுபடி ஓட்டுங்கள். விடிந்துவிடும். உழைப்பு என்பது அதுதான்.

இனி பெயர். கைவண்ணம் காட்ட இங்கே இருக்கும் இடம் வேறெங்கும் இல்லை.

மலேசியத் தமிழர் ஐசியில் பெயர் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. உங்கள் பையில் இருப்பதை எடுத்துப் பாருங்கள். சொந்தப் பெயர், பிறகு ஏ/எல் அல்லது ஏ/பி, பிறகு அப்பா பெயர். இன்னாருக்கு மகன், இன்னாருக்கு மகள் என்பதை மலாயில் சுருக்கி வைத்தது. நடுவில் நிற்கும் அந்தச் சாய்கோடு ஒரு வரப்பிரசாதம். 'ஏ முதல் இசட் வரை, இடைவெளி, வேறெதுவும் கூடாது' என்று ஒரே வரியில் விதி எழுதுங்கள். வலையில் தேடினால் முதலில் அகப்படுவதும் அதுதான். ஏ/எல் என்பதைக் கனவிலும் கண்டிராத யாரோ எழுதியது; அதனாலேயே அதற்கு இவ்வளவு சக்தி. அந்த ஒற்றை வரி ஸ்கூடாயின் தமிழ்க் குடும்பங்கள் மொத்தத்தையும் பால்குடத்திலிருந்து விலக்கி வைத்துவிடும். முகமது, அப்துல்லா, டான், லிம் எல்லாரும் தாராளமாக எடுக்கலாம்.

அக்கா லேசுப்பட்டவர் இல்லை. சாய்கோட்டை விட்டுவிட்டு 'ஏஎல்' என்று சேர்த்து அடிப்பார். மதியம் அவருக்குப் பதில் உட்காரும் தம்பி இடைவெளி விட்டு 'ஏ எல்' என்பான். மாலையில் வரும் ஓய்வுபெற்ற ஆசிரியர் 'அனாக் லெலாக்கி' என்று முழுசாக அடிப்பார். சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்வரும் ஒருவர் பழக்கதோஷத்தில் அந்தப் பக்கத்து 'எஸ்/ஓ'-வைப் போட்டுப் பார்ப்பார், அதுவும் சாய்கோட்டில் முட்டிக்கொண்டு நிற்கும். ஆக ஒரே ஆள் மூன்று ஆளாகப் பதிவாகி, மூன்று குடம் ஒதுக்கப்பட்டு, ஒன்றுதான் தூக்கப்படும். மீதி இரண்டு குடத்துப் பாலுக்குக் கணக்குக் கேட்பது செயலாளர் பாடு.

சாய்கோட்டைத் தாண்டி வருகிறவர்களுக்கு 'முதற்பெயர்', 'குடும்பப்பெயர்' என்று இரண்டு பெட்டி வையுங்கள்; இரண்டும் கட்டாயம். குடும்பப்பெயர் இல்லாத ஒருவர் என்ன செய்வார்? அப்பா பெயரை அங்கே போடுவார். பிறகு உங்கள் ப்ரோக்ராம் மரியாதையாக, 'திருமதி' சேர்த்து, அவருடைய அப்பா பெயரால் அவரைக் கூப்பிடும். குறைந்தது ஐந்து எழுத்து வேண்டும் என்றும் ஒரு நிபந்தனை வைக்கலாம். எழுத்துப்பிழை திருத்தும் வசதி சேர்ப்பது இன்னும் உத்தமம். தோட்டத்துக் கிராணி அந்தக் காலத்தில் காதில் விழுந்தபடி லெட்சுமிக்கு நடுவில் டீ, சீ, எச் மூன்றையும் நுழைத்துப் பிறப்புச் சான்றிதழில் எழுதிவைத்தார். மூன்று தலைமுறையாக அதுதான் சட்டப்படி பெயர். உங்கள் ப்ரோக்ராம் அதை 'லக்ஷ்மி' என்று தானாகத் திருத்தட்டும், பிறகு ஐசியோடு பொருந்தவில்லை என்று தானாகவே நிராகரிக்கட்டும்.

தமிழில் பெயர் கேட்டால் இதைவிடச் சுகம். பைத்தானில் இஸ்ஆல்ஃபா என்றொரு சோதனை உண்டு. எல்லாம் எழுத்துதானா என்று பார்த்துச் சொல்லும். 'கனக' என்று கொடுத்துப் பாருங்கள், ஆம் என்னும். 'கனகா' என்று கொடுங்கள், இல்லை என்னும். யூனிகோடு கணக்கில் 'க' எழுத்து. துணைக்காலும் கொம்பும் புள்ளியும் எழுத்து அல்ல, குறிகள். ஆகவே அகரம் ஏறிய உயிர்மெய்யும் தனி உயிரும் வந்தால் மட்டுமே பெயர் தேறும். குமார் தேறமாட்டார், வள்ளி தேறமாட்டார். தைப்பூசத்தன்று முருகன் கோயில் வாசலில் முருகனே வந்து பெயர் கொடுத்தாலும் 'தவறான உள்ளீடு'தான்.

நீளத்தையும் சும்மா விடாதீர்கள். சுப்பிரமணியம் என்பதைக் கையால் எண்ணினால் 8 எழுத்து. பைத்தானில் லென் போட்டால் 13. யூடிஎஃப்-8 பைட்டுகளாக எண்ணினால் 39. மூன்றில் எது நீளம் என்பதை எங்கும் எழுதிவைக்காமல் 'பெயர் 10 எழுத்துக்குள் இருக்க வேண்டும்' என்று மட்டும் சொல்லிவிடுங்கள். அக்கா விரல்விட்டு எண்ணி எட்டுதான் என்று வாதாடுவார், திரை மசியாது. துரத்த மனமில்லாவிட்டால் பத்தாவதில் வெட்டிவிடலாம். 'சுப்பிரமணி' மிஞ்சும். அது பரவாயில்லை, வீட்டில் கூப்பிடுவதே அப்படித்தான். ஒன்பதில் வெட்டினால் 'சுப்பிரமண' என்று நிற்கும். அப்படி நின்றால்தான் நீங்கள் இந்தக் கையேட்டை ஒழுங்காகப் படித்தவர்.

பேட்ரிக் மெக்கென்ஸி என்ற நிரலர் 2010-இல், பெயர்களைப் பற்றித் தம் தொழில்காரர்கள் நம்பும் பொய்கள் என்று 40 பொய்களைப் பட்டியல் போட்டார். அதைப் படித்துக் கெட்டுப்போனவர்கள்தான் அதிகப்பிரசங்கிகள். அவர்களுடைய பெயர்_கேள் ஃபங்ஷனைப் பார்த்தால் பரிதாபமாக இருக்கும்: முன்னும் பின்னும் இடைவெளியை வெட்டு, நடுவில் இரண்டு மூன்று இடைவெளி இருந்தால் ஒன்றாக்கு, காலியா என்று பார், கண்ணுக்குத் தெரியாத கட்டுப்பாட்டுக் குறிகள் இருந்தால் மட்டும் திருப்பியனுப்பு. முடிந்தது. பெயர் என்ன என்று அந்த ஆளுக்குத்தான் தெரியும் என்று நம்பிவிடுகிறார்கள்.

ஐசி எண் விஷயம் வேறு. அது அரசாங்கம் கொடுத்தது, அதற்கு இலக்கணம் உண்டு. சரிபார்க்க நிஜமாகவே விஷயம் இருக்கிறது. 12 இலக்கம். முதல் ஆறு பிறந்த தேதி: ஆண்டு, மாதம், நாள், இரண்டிரண்டாக. அடுத்த இரண்டு பிறந்த இடம். ஜொகூருக்கு 01, அது போதாமல் 21 முதல் 24 வரையும். கடைசி இலக்கம் ஒற்றைப்படையானால் ஆண், இரட்டைப்படையானால் பெண். ஏ/எல் போட்ட பெயருக்கு இரட்டை இலக்கத்தில் முடியும் எண் வந்தால் எங்கோ கை தவறியிருக்கிறது என்று ஒரு நல்ல ப்ரோக்ராமால் கேட்க முடியும். இவ்வளவு இலக்கணம் இருந்தும் எதையும் பார்க்காமல், எண்ணாக மாற்ற வருகிறதா என்று மட்டும் பார்ப்பதில்தான் உங்கள் திறமை இருக்கிறது.

2005-இல் பிறந்த பிள்ளை ஒன்று வருகிறது. ஐசி 05-இல் தொடங்கும். அக்கா பன்னிரண்டையும் ஒழுங்காக அடிக்கிறார். உங்கள் ப்ரோக்ராம் அதை இன்ட் ஆக்குகிறது. எண்ணுக்கு முன்னால் நிற்கும் சுழியத்துக்கு மதிப்பில்லை, போய்விடுகிறது. மிச்சம் 11. அடுத்த வரி எண்ணிப் பார்த்துவிட்டு "ஐசிக்கு 12 இலக்கம் வேண்டும், ஒன்று குறைகிறது" என்கிறது. தானே தின்றுவிட்டு, எங்கே என்று கேட்பது. 2000 முதல் 2009 வரை பிறந்த அத்தனை பேருக்கும் இந்த வரவேற்புக் கிடைக்கும். இன்று யூடிஎம்மில் படிக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோர் அந்தப் பத்தாண்டில் பிறந்தவர்கள். இதை எழுதும் நீங்களும்தான். பாஷ் ஸ்கிரிப்டில் எழுதினால் இன்னொரு போனஸ் உண்டு. சுழியத்தில் தொடங்கும் எண்ணை அது எட்டடிமான எண் என்று எடுத்துக்கொள்ளும். எட்டடிமானத்தில் 8 என்ற இலக்கமே இல்லை. ஆகஸ்டு மாதத்தை 08 என்று பிரித்தெடுத்துக் கணக்குப் போட்டால் ப்ரோக்ராம் அங்கேயே படுத்துவிடும். செப்டம்பருக்கும் அதே கதி. அக்டோபரில் பிறந்தவர் சிரித்துக்கொண்டே உள்ளே போவார். அடையாள எண் எண்ணே அல்ல, இலக்கங்களால் ஆன பெயர், அதைக் கூட்டவோ பெருக்கவோ யாருக்கும் தேவையில்லை என்று அதிகப்பிரசங்கிகள் அதை எழுத்துக் கோர்வையாகவே வைத்திருப்பார்கள். கோடு போட்டு அடித்தாலும் போடாமல் அடித்தாலும் வாங்கிக்கொண்டு கோட்டைத் தாங்களே நீக்கிக்கொள்வார்கள். நீங்கள் கோடு போட்டால் 'கோடு கூடாது' என்றும், போடாவிட்டால் 'கோடு எங்கே' என்றும் கேளுங்கள்.

ஆண்டு இரண்டே இலக்கம் என்பதையும் பயன்படுத்திக்கொள்ளலாம். பைத்தானும் அதன் உறவுக்காரர்களும் இரண்டு இலக்க ஆண்டைப் பார்த்தால் 69 முதல் 99 வரை போன நூற்றாண்டு, 00 முதல் 68 வரை இந்த நூற்றாண்டு என்று எடுத்துக்கொள்ளும். 1955-இல் பிறந்த பாட்டி ஐசியை நீட்டினால், இவர் 2055-இல்தான் பிறக்கப்போகிறார் என்று ப்ரோக்ராம் முடிவுகட்டும். இன்னும் பிறக்காதவர் குடம் எடுக்கக் கூடாது என்று விதி எழுதுவது நியாயம்தானே. மாறாக எல்லாருக்கும் 19 சேர்த்தால் 2000 பிப்ரவரி 29-இல் பிறந்தவர் அகப்படுவார்: 2000 லீப் ஆண்டு, 1900 இல்லை. அப்படி ஒரு தேதியே கிடையாது என்று அவர் முகத்துக்கு நேரே சொல்லலாம். பிறந்த தேதி இன்றைக்குப் பிந்தியதாக வந்தால் நூறைக் கழித்துவிடு என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்களாம் அதிகப்பிரசங்கிகள். நூறு வயது தாண்டியவரை என்ன செய்வது என்று கேட்டால், அவரிடம் நேரே கேட்டுக்கொள்ளலாம் என்கிறார்கள். கம்ப்யூட்டர் படித்தவர் பேசும் பேச்சா இது?

அக்கா ஓர் இலக்கத்தை மாற்றி அடித்துவிட்டால் கண்டுபிடிக்க முடியுமா? சிங்கப்பூர் அடையாள எண்ணில் முடியும். கடைசியில் நிற்கும் எழுத்து முன்னால் உள்ள ஏழு இலக்கங்களிலிருந்து கணக்குப் போட்டு வருவது. ஓர் இலக்கம் தவறினால் எழுத்து ஒத்துவராது. நம் ஐசியான மைகார்டில் அப்படிப் பொதுவில் தெரிந்த சோதனை இலக்கம் கிடையாது. தேதி, இடக் குறியீடு, ஆண் பெண், இவ்வளவுதான் பிடிமானம். கடைசி நாலு இலக்கத்தில் தப்பு நேர்ந்தால் மறுபடி ஒருமுறை வாசித்துக் காட்டிக் கேட்பதைத் தவிர வழியில்லை. நீங்கள் அதையும் கேட்காதீர்கள்.

போன் நம்பருக்கு அதிகம் மெனக்கெட வேண்டாம். சரியாக 10 இலக்கம் என்று விதி வையுங்கள். 012, 016, 017 எல்லாம் தேறும்; 011-இல் தொடங்குபவர்கள் மொத்தமும் போய்விடுவார்கள், அவர்களுக்கு 11 இலக்கம். தினமும் இரண்டாம் பாலத்தில் துவாஸுக்குப் போய்வருபவர் எட்டு இலக்கச் சிங்கப்பூர் நம்பரைக் கொடுத்தால் அவரும் போவார். 'பிளஸ் அறுபது' போட்டு அடிப்பவரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

காசுக்கு வருவோம். "கட்டிய தொகை" என்று கேட்டால் அக்கா என்ன அடிப்பார்? 51 என்றா? ஆள் முன்னால் நிற்கிறார், கையில் நோட்டு இருக்கிறது, ரசீதில் எழுதுகிற பழக்கம் விரலில் இருக்கிறது. 'ஆர்எம்51' என்று அடிப்பார். நீங்கள் சி++-இல் சின் வைத்து நேரடியாக முழு எண்ணை வாசிக்கும்படி எழுதியிருந்தால் அடுத்து நடப்பதைப் பக்கத்தில் நின்று பாருங்கள். சின் எண்ணைத் தேடும். ஆர் எழுத்தைப் பார்க்கும். தோல்விக்கொடியை ஏற்றிவிட்டு, ஆர் எழுத்தை இருந்த இடத்திலேயே விட்டுவிடும். லூப் 'தவறான உள்ளீடு' என்று அச்சடித்துவிட்டு மறுபடி சின்னிடம் போகும். கொடி ஏறியே இருக்கிறது, ஆரும் அங்கேயே இருக்கிறது. மறுபடி 'தவறான உள்ளீடு'. அக்கா கையை எடுத்துவிட்டார், கீபோர்டிலிருந்து ஓர் அடி தள்ளி உட்கார்ந்துவிட்டார்; திரை மட்டும் நிற்காமல் மேலே ஓடுகிறது, நொடிக்கு ஆயிரக்கணக்கில் திட்டிக்கொண்டு. "தம்பி, நான் ஒண்ணுமே பண்ணலப்பா" என்பார். உண்மைதான், அவர் ஒன்றும் பண்ணவில்லை.

அதைவிட நாசூக்கான ஒன்று உண்டு. '51.50' என்று அடித்தால் சின் 51-ஐ எடுத்துக்கொண்டு திருப்தியாகிவிடும். மிச்சம் '.50' வாசலில் காத்திருக்கும். அடுத்த கேள்வி 'பெயர்?' என்று வந்ததும் யாரும் எதையும் அடிப்பதற்கு முன்னால் அது உள்ளே நுழைந்துவிடும். புள்ளி ஐம்பது என்ற பக்தர் ஒருவர் பட்டியலில் ஏறுவார். முழு வரியையும் எழுத்தாகவே வாங்கி, பிறகு பிரித்துப் பார்த்தால் இந்த இரண்டு கூத்தும் நடக்காது என்பதால் அப்படிச் செய்யாதீர்கள். சி மொழிக்காரர்களுக்கு வரி வாங்க கெட்ஸ் என்று ஒரு பழைய ஃபங்ஷன் இருந்தது; எவ்வளவு நீளம் வந்தாலும் கேள்வி கேட்காமல் வாங்கி, இடம் போதாவிட்டால் பக்கத்து இடத்திலும் கொட்டும். 1988 நவம்பர் 2-ஆம் தேதி அமெரிக்காவில் கிளம்பிய மோரிஸ் புழு நுழைந்த ஓட்டைகளில் அதுவும் ஒன்று. 2011-இல் வந்த சி11 தரத்தில் அதைத் தூக்கிவிட்டார்கள். நல்லதெல்லாம் இப்படித்தான் போகிறது.

பைத்தானின் இன்ட் இந்த விஷயத்தில் ரொம்ப இளகிய மனசு. ௫௧ என்று தமிழ் எண்ணில் கொடுத்தாலும் 51 என்று சமர்த்தாக வாங்கிக்கொள்ளும். ஆனால் பழைய முறைப்படி பத்துக் குறியோடு ௫௰௧ என்று எழுதினால் கைவிரித்துவிடும். இஸ்நியூமெரிக் என்ற சோதனையோ அதையும் 'எண்தான்' என்று சத்தியம் செய்யும். சோதனையை ஒன்றிடம் கொடுத்து, மாற்றும் வேலையை இன்னொன்றிடம் கொடுங்கள்; சண்டை பிறக்கும்.

தொகைக்கு வரம்பு வைக்காதீர்கள், கீழும் சரி மேலும் சரி. கழித்தல் 51 வெள்ளி கட்டியவருக்குக் கோயில் கடன்பட்டதாகட்டும். 2006-இல் இதே மலேசியாவில் ஒருவருக்கு 806 டிரில்லியன் வெள்ளிக்குத் தொலைபேசிக் கட்டண ரசீது வந்து உலகப் பத்திரிகைகள் சிரித்தன. தொகையின் வாலில் ஒரு சென்னும் விடாமல் சேர்த்திருந்தார்கள். இவ்வளவு பெரிய தொகை இருக்க முடியுமா என்று வழியில் எந்த ஃபங்ஷனும் கேட்கவில்லை. சுழியத்தையும் தடுக்காதீர்கள். 1997 செப்டம்பரில் அமெரிக்கக் கடற்படையின் யார்க்டவுன் போர்க்கப்பலில் ஒருவர் ஒரு கட்டத்தில் சுழியத்தை அடித்தார். ஏதோ ஒன்று அதால் வகுக்கப் போய், இயந்திரக் கட்டுப்பாடு சரிந்து, கப்பல் சுமார் இரண்டே முக்கால் மணி நேரம் நடுக்கடலில் நின்றது. பால்குடப் பட்டியலால் அந்த அளவுக்குச் சாதிக்க முடியாதுதான்.

பிழைச் செய்தி எழுதும்போது எது தப்பு, எது சரி, என்ன அடிக்க வேண்டும் என்ற மூன்றையும் தவிர்க்கவும். 'பிழை 7' போதும். இந்த மரபின் உச்சம் தெராக்-25 என்ற கதிரியக்கச் சிகிச்சை இயந்திரம். 1986-இல் டெக்சாஸில், இயக்குபவர் சிகிச்சை வகையைத் தப்பாக அடித்து, அம்புக்குறியால் மேலே போய்ச் சடுதியில் திருத்தினார். திரையில் திருந்தியது, உள்ளே திருந்தவில்லை. 'மால்ஃபங்ஷன் 54' என்று மட்டும் திரை சொன்னது. அதற்கு என்ன அர்த்தம் என்று கையேட்டில் விளக்கமில்லை. அப்படிப்பட்ட செய்திகள் தினமும் வருபவை. வந்தால் பி-யை அழுத்தினால் இயந்திரம் தொடரும். அழுத்தினார். 1985-87இல் அந்த இயந்திரத்தால் ஆறு விபத்துகள், நோயாளிகள் செத்தார்கள். இந்த ஒரு பத்தியை மட்டும் கிண்டலாக எழுத எனக்கு வரவில்லை. பால்குடத்துக்கு எழுதப் பழகும் கைதான் நாளை மருத்துவமனைக்கும் எழுதும்.

'ஆமா இல்லையா' கேள்விக்குப் போவோம். 'உறுதியா? (ஒய்/என்)' என்று எல்லாவற்றுக்கும் கேளுங்கள். பெயர் உறுதியா, ஐசி உறுதியா, உறுதி என்பது உறுதியா. பத்தாவது ஆளுக்குள் அக்காவின் விரல் படிக்காமலே ஒய்யைத் தட்டப் பழகிவிடும். 2005 டிசம்பர் 8-ஆம் தேதி ஜப்பானின் மிசுஹோ பங்கு நிறுவனத்தில் ஒருவர், ஒரு பங்கை 610,000 யென்னுக்கு விற்பதற்குப் பதிலாக 610,000 பங்குகளை ஒரு யென்னுக்கு விற்கச் சொல்லி அடித்துவிட்டார். திரை எச்சரித்தது. அடிக்கடி எச்சரிக்கும் திரை, தாண்டிப் போய்விட்டார். நஷ்டம் சுமார் 4,000 கோடி யென். ஆகவே எச்சரிக்கையில் கஞ்சத்தனம் வேண்டாம்.

பதிலாக வாங்குவது பெரிய ஒய் அல்லது பெரிய என் மட்டுமே இருக்கட்டும். சின்ன ஒய் அடித்தால் தப்பு. 'ஆமா' தப்பு. மலாயில் யோசிக்கும் பையன் 'யா' என்பதற்கு ஒய் தட்டித் தப்பித்துவிடுவான். 'தீடாக்' என்று மறுக்க டீ தட்டினால் மாட்டிக்கொள்வான். இடத்துக்கும் மொழிக்கும் தக்க ஆமா இல்லையா எது என்று பார்த்துச் சொல்ல லினக்ஸின் சி நூலகத்தில் ஆர்பிமேட்ச் என்றொரு ஃபங்ஷனே எழுதிவைத்திருக்கிறார்கள். இருக்கிறது என்று தெரிந்துவைத்துக்கொண்டால் போதும், கூப்பிட வேண்டாம். சும்மா எண்டர் தட்டினால் எது என்பதையும் சொல்லாதீர்கள். 'எல்லாப் பதிவையும் அழிக்கவா?' என்ற கேள்விக்கு மட்டும் எண்டர் தட்டினால் ஆமா.

ஓடிப்போகும் வழிகளையும் அடைக்க வேண்டும். கன்ட்ரோல்-சி அடித்தால் அதைப் பிடித்து வைத்துக்கொண்டு, 'வெளியேற வேண்டுமா?' என்று கேட்டு, அந்தப் பதிலையும் மேலே சொன்ன முறையில் சரிபாருங்கள். மூன்று தடவை தப்பானால் விட்டுவிடலாம் என்று எண்ணிக்கை வைப்பதெல்லாம் இளகிய மனசுக்காரர்கள் செய்வது. விவரமான ஒருவர் முந்நூறு பெயரை ஒரு கோப்பில் போட்டுப் பைப் வழியாக ஊட்டப் பார்ப்பார். எதிரில் ஆள் இருக்கிறாரா கோப்பு இருக்கிறதா என்று இஸ்ஏடிடிஒய் போட்டு ஒரே வரியில் தெரிந்துகொள்ளலாம். ஆள் இல்லாவிட்டால் கேள்வியை அச்சடிக்காமல், முதல் தப்பிலேயே எந்த வரி என்று சொல்லி நிறுத்திவிடலாம். நீங்கள் கோப்பு தீர்ந்த பிறகும் கேட்டுக்கொண்டே இருங்கள். பதில் வராது. வராத பதிலும் தவறான உள்ளீடுதான்.

இதையே செமஸ்டர் அசைன்மென்டாகவும் கொடுத்துவிடலாம், வேலை மிச்சம். விரிவுரையாளர் இதை உட்கார்ந்து அடித்துப் பார்க்கப்போவதில்லை. எண்பது மாணவர்களின் ப்ரோக்ராமுக்கும் ஒரே கோப்பைப் பைப்பில் ஊட்டி, வரும் விடையை எதிர்பார்த்த விடையோடு ஒப்பிடுவார். உங்களுடையது கேள்வி வாசகங்களை எல்லாம் விடையோடு சேர்த்தே அச்சடிக்கும், ஸ்டாண்டர்ட் எரருக்கு அனுப்பியிருக்க வேண்டியவை அவை. பிறகு 'தவறான உள்ளீடு' என்று ராத்திரி முழுக்க அச்சடிக்கும், அவருடைய டிஸ்க் நிறையும் வரை. காலையில் அவர் உங்கள் பெயருக்கு நேரே 0 போட உட்காருவார்.

கவலைப்படாதீர்கள். மதிப்பெண் ஏற்றும் அந்த ப்ரோக்ராமும் இந்தக் கையேட்டைப் படித்தவர் எழுதியதாகவே இருக்கும். அடித்ததை எண்ணாக மாற்றிவிட்டு, காலியா என்று பார்க்க 'இஃப் நாட்' என்று போட்டிருப்பார். பைத்தானுக்குச் சுழியமும் ஒன்றுதான், ஒன்றுமில்லாததும் ஒன்றுதான். விரிவுரையாளர் 0 அடிப்பார். 'மதிப்பெண் காலியாக இருக்கக் கூடாது' என்று வரும். மறுபடி 0 அடிப்பார். மறுபடி அதுவே வரும். எட்டு மணிக்கு வகுப்பு, மணி ஏழே முக்கால், இன்னும் நாற்பது பெயர் பாக்கி. 1 என்று போட்டுவிட்டு எழுந்துபோவார்.